மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள்: மொரீஷியஸ் புயல் காலம், புதிதாக வந்தவர்களுக்கு

சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மொரீஷியஸுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குப் புயல் புதிதில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு எண் 1 முதல் 11 வரை போகும். 3-ஆம் எண் கூண்டு என்று செய்தியில் வந்தால் மீனவர்கள் படகை இழுத்துக் கட்டுவார்கள்; தி.நகரில் கடை திறந்துதான் இருக்கும். மொரீஷியஸில் புயல் எச்சரிக்கைக்கு இருப்பது நான்கே வகுப்பு. 3 என்றால் பேருந்து கிடையாது, கடை கிடையாது, தெருவில் ஆள் இருக்கக் கூடாது. ஊரில் பழகிய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு "மூணுதானே" என்று மாலையில் பால் வாங்கக் கிளம்புகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் ஐ.டி. அலுவலகங்கள் உள்ள எபேன் பக்கம் பார்க்கலாம்.

இங்கே புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே மாத நடுவில் முடிகிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் உச்சம். தைப்பூசக் காவடி வருவதும் இந்தக் காலத்தில்தான். ஊரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கலுக்குப் போய்விட்டு நிம்மதியாகத் திரும்புகிற நேரத்தில் இந்தத் தீவுக்கு மழைக்காலம் சூடுபிடிக்கிறது.

முதலில் வகுப்பு எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த எண் புயலின் பலத்தைச் சொல்வதில்லை. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அளவுகோல் ஒன்றே ஒன்று: மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வீசும் பலத்த காற்று தீவைத் தொடுமா, தொட்டால் எப்போது. தொடுவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு 1-ஆம் வகுப்பு. பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரமாவது கிடைக்கும்படி 2-ஆம் வகுப்பு. பகல் வெளிச்சத்தில் 6 மணி நேரமாவது கிடைக்கும்படி 3-ஆம் வகுப்பு. 120 கி.மீ. காற்று பதிவாகி, இன்னும் தொடரும் என்றால் 4-ஆம் வகுப்பு. ஆகவே 130 கி.மீ. வேகத்தில் உரசிப் போகும் புயலுக்கும் 3 வரும், 250 கி.மீ. வேகத்தில் நேராக வரும் புயலுக்கும் அதே 3 வரும். எவ்வளவு கடுமை என்பதை அறிக்கையின் உள்ளே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பகல் வெளிச்சம்" என்ற நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. காற்று நாளைக் காலையில்தான் வரும் என்றால், இரவு மணிகளைக் கணக்கில் சேர்க்காமல், இன்று மதியமே 3-ஆம் வகுப்பு அறிவிக்க வேண்டியிருக்கும். அப்போது வெளியே பார்த்தால் இலைகூட அசைந்திருக்காது. "காத்தே இல்ல, எதுக்கு மூணு?" என்று அலுவலகத்தில் கிண்டல் நடக்கும். கூரையில் ஏறித் தொட்டி மூடியைக் கட்டவும், தகரக் கூரை வீட்டில் இருப்பவர்கள் தங்குமிடம் போய்ச் சேரவும் கொடுக்கப்படும் நேரம் அது. இருட்டில் இதையெல்லாம் செய்ய முடியாது என்பதால்தான் அந்த விதி.

நடைமுறையில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொருள் உண்டு. 1-ஆம் வகுப்பில் அலுவலகம் வழக்கம்போல நடக்கும். பெட்ரோல், ரொக்கம், ரொட்டி, காஸ் எல்லாம் அன்றே முடிக்க வேண்டிய வேலை. 2-ஆம் வகுப்பில் பள்ளிகள் மூடிவிடும். குழந்தைகளை வைத்திருப்பவர்களில் ஒருவர் வீட்டிலிருக்க ஏற்பாடு வேண்டும். 3-ஆம் வகுப்பு வேலை நேரத்தில் அறிவிக்கப்பட்டால் தீவின் மொத்த உழைப்பாளர் கூட்டமும் ஒரே நேரத்தில் நெடுஞ்சாலையில் இறங்குகிறது. தலைநகர் போர்ட் லூயிஸுக்கும் க்யூர்பிப் நகருக்கும் நடுவே அப்போது நகர முடியாது. பேருந்தும் மெட்ரோவும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். சொந்த வண்டி இல்லாதவர்கள் 2-ஆம் வகுப்பிலேயே மேலாளரிடம் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டுவிடுவது நல்லது. 3-ஆம் வகுப்பில் வேலைக்கு வராததற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, வரவழைத்தால் கூடுதல் ஊதியமும் சாப்பாடும் தர வேண்டும் என்பது இந்நாட்டுத் தொழிலாளர் சட்டம். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் வந்தவருக்கும் இது பொருந்தும். கூச்சப்பட வேண்டியதில்லை.

மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தனி எச்சரிக்கை வரும். அங்கே 3 என்ற செய்தியைத் தலைப்பில் மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டு அம்மாவைக் கலங்கடிக்க வேண்டாம். பக்கத்துத் தீவான ரியூனியன் பிரெஞ்சு மாவட்டம். அங்கே எண் கிடையாது, நிறம்தான்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஊதா. 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கு அங்கே ஊதா அறிவித்தார்கள். ரியூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் நடுவே இருப்பது இருநூறு கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால் அங்கே என்ன நிறம் என்று பார்த்துவைப்பதில் பயன் உண்டு. ஆனால் அந்த நிறத்தை இங்கத்திய எண்ணாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள்.

மழைக்குத் தனி எச்சரிக்கை

இந்தத் தீவில் அண்மைக் காலத்தில் ஆளை அடித்தது காற்றைவிட மழைதான். 1960 பிப்ரவரி 28-இல் கரோல் புயல் மணிக்கு 256 கி.மீ. வரை வீசிப் பல்லாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. 1975-இல் ஜெர்வேஸ் 280 கி.மீ. தொட்டது. அதற்குப் பிறகு ஊரே கான்கிரீட்டுக்கு மாறிவிட்டது. இன்று பெரும்பாலோர் வசிக்கும் 'லகாஸ் பெத்தோங்', அதாவது கான்கிரீட் வீடு, காற்றைத் தாங்கும். அதே கான்கிரீட்டும் தாரும் மழைநீரை மண்ணுக்குள் விடுவதில்லை. போர்ட் லூயிஸின் முதுகில் மலைத்தொடர், முன்னால் துறைமுகம். மலையில் விழும் மழை, லெ பூஸ் ஓடை வழியாக, சரிவில் நகரத்தின் நடுவே ஓடித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

2013 மார்ச் 30, சனிக்கிழமை. புயல் இல்லை, வகுப்பு எண் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் 150 மி.மீ.க்கு மேல் மழை பெய்தது. 11 பேர் இறந்தார்கள். போர்ட் லூயிஸ் துறைமுகக் கரையில் கோதான் பக்கத்துச் சுரங்க நடைபாதையிலும், ஒரு கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்திலும் சிக்கியவர்கள் அதில் உண்டு. பேரிடர் மேலாண்மைக்கென்று தனி மையம் உருவானது அந்த ஆண்டில்தான். 2024 ஜனவரி 15, திங்கட்கிழமை: பெலால். காலையில் மக்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பகலில் தலைநகரின் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்தன. வானிலைத் துறைத் தலைவர் பதவி விலகும் அளவுக்கு அது அரசியலானது.

இந்த இரண்டு நாளையும் நினைவில் வைத்தால் போதும். வகுப்பு எண் காற்றுக்கு மட்டும். கன மழைக்கும் பெருமழைக்கும் தனியாக எச்சரிக்கை வரும். 12 மணி நேரத்துக்குள் 100 மி.மீ. பெய்து இன்னும் தொடரும் என்பது பெருமழைக்கான பழைய அளவு. வகுப்பு 1-இல் இருக்கும்போதே மழை எச்சரிக்கை வந்துவிட்டால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அன்றைக்கு அடித்தளத்தில் வண்டி நிறுத்தக் கூடாது, சுரங்க நடைபாதையில் இறங்கக் கூடாது, போர்ட் லூயிஸுக்கு அவசியமில்லாமல் போகக் கூடாது. கணுக்காலுக்கு மேல் வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. நீரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 செ.மீ. பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

வாக்வாவில் உள்ள வானிலைத் துறையின் அறிக்கை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரும். வானொலியில் உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும், போஜ்பூரியிலும் கேட்கலாம். ஃபேஸ்புக்கில் சுற்றும் வண்ணப் படங்களைவிட அந்த நாலு பத்தி அறிக்கை மேல். அதில் மூன்று எண்கள் இருக்கும்: புயல் மையத்தின் அட்சம், தீர்க்கம், மொரீஷியஸிலிருந்து தூரமும் திசையும், நகரும் வேகம். மொரீஷியஸ் சுமார் 20.2 தெற்கு, 57.5 கிழக்கு. மையம் வடக்கே 300 கி.மீ. தொலைவில் இருந்து, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நம் பக்கம் வந்தால், 20 மணி நேரத்தில் மையம் வந்துசேரும். ஆனால் பலத்த காற்று மையத்துக்குப் பல மணி நேரம் முன்பே வரும். மழைப் பட்டைகள் அதற்கும் முன்பே. ஆகவே அந்த 20-ஐப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் கடைசி வரியில் அடுத்த அறிக்கை எத்தனை மணிக்கு என்று இருக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் பார்த்தால் போதும். போன் பேட்டரி மிஞ்சும்.

நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இன்னோர் இடம் காற்றின் திசை. வங்காள விரிகுடாப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். இங்கே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். புயல் கடிகார முள் போகும் பக்கமாகவே சுழல்கிறது. மையம் வடக்கே இருக்கும்போது கிழக்கிலிருந்து காற்று வரும். மையம் மேற்கே நகர்ந்துவிட்டால் வடக்கிலிருந்து வரும். தென்மேற்குக்குப் போனால் வடமேற்கிலிருந்து வரும். இந்தக் கடைசி நிலையைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதும் தென்கிழக்குக் காற்றுக்கு மறைவாக இருக்கும் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், போர்ட் லூயிஸ் பக்கத்து மேற்கு வீடுகள் அப்போதுதான் நேராக அடி வாங்கும். "எங்க பக்கம் எப்பவும் அமைதி" என்பது புயலின் முதல் பாதிக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. சன்னல் அடைக்கிற வேலையை நாலு பக்கமும் செய்ய வேண்டியது அதனால்தான்.

கிரியோல் கொஞ்சம் காதில் விழப் பழக வேண்டும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் வீட்டு மொழி அதுதான். காவடிக்கு அலகு குத்தி வரும் பக்கத்து வீட்டுப் பெரியவர்கூட "குராங் இன் குப்பே" என்றுதான் மின்வெட்டைச் சொல்வார். தண்ணீர் நின்றால் "தெலோ இன் குப்பே". காற்று 'திவான்', மழை 'லப்ளி', மெழுகுவத்தி 'லபூசி', ரொட்டி 'திபேங்'. பிரெஞ்சு அறிக்கையில் 'ராஃபால்' என்றால் திடீர்ப் பலத்த காற்று, 'ஊல்' என்றால் கடலின் பெரிய எழுச்சி அலை. 'ஊல்' பற்றிய எச்சரிக்கை வெயில் அடிக்கும் நாளிலும் வரும். அன்று கடற்கரைப் பாறையில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

வீடு பார்க்கும்போதே

புயலுக்கான வேலையில் பாதி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே முடிந்துவிடும். இடைத்தரகர் கடல் தெரியும் பால்கனியைத்தான் காட்டுவார். நீங்கள் சுற்றுச்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள்; பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு சுண்ணாம்புக்குக் கீழே தெரியும். வாசல் சாலை மட்டத்துக்குக் கீழே இருந்தால் வேண்டவே வேண்டாம். தெரு வடிகாலில் குப்பை எந்த அளவுக்கு அடைத்திருக்கிறது என்று பாருங்கள். கனால் தாயோ, ஃபோன் து சாக் போன்ற இடங்களில் வெள்ளம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அங்கே தரைத்தள வீடு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. என் பார்வையில் இந்தத் தீவில் வாடகை வீட்டின் மதிப்பை முடிவு செய்வது அதுதான். வறண்ட மாதங்களில் குழாய்த் தண்ணீர் நாளில் சில மணி நேரமே வரும் ஊர்கள் உண்டு. புயலுக்குப் பின் ஆற்று நீர் கலங்கிச் சுத்திகரிப்பு நிலையம் நின்றுபோனால் ஓரிரு நாள் வராமலே போகலாம். தொட்டி மொட்டைமாடியில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தரையில் இருந்தால் மோட்டார் வேண்டும். மின்சாரம் போனால் நிறைந்த தொட்டியும் உதவாது. மாடியில் இருந்தால் தானாக இறங்கும். 1000 லிட்டர் தொட்டி, நாலு பேர், ஆளுக்கு நாளுக்கு 40 லிட்டர் என்று சிக்கனமாக இருந்தால் ஆறு நாள் தாங்கும். வழக்கம்போலக் குளித்துத் துவைத்தால் இரண்டு நாளுக்குள் காலி.

புயலுக்கு முன் அந்தத் தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். குடிக்க மட்டுமல்ல: நிறைந்த 1000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை, காற்று அசைக்காது. காலித் தொட்டி இரண்டு ஆள் தூக்கும் பிளாஸ்டிக். குழாயைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வீட்டு மாடிக்குப் பறக்கும். மூடியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். தொட்டி நிறைந்ததும் உள்ளே வரும் குழாயின் வால்வை மூடிவிடுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. புயல் முடிந்து முதலில் வரும் தண்ணீர் செம்மண் குழம்பாக இருக்கும். வால்வு திறந்திருந்தால் நீங்கள் சேமித்த நல்ல தண்ணீரிலேயே போய்க் கலக்கும். கீழே ஒரு குழாயில் தண்ணீர் தெளிந்து வருவதைப் பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

சேறு ஏற்கெனவே உள்ளே போய்விட்டால் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு வாசனை கலக்காத 5 சதவீத ஜாவெல் (குளோரின் வெளுப்புத் திரவம்) ஒரு லிட்டர் ஊற்றி, சில மணி நேரம் விட்டு, வீட்டுக் குழாய்கள் வழியாகவே அதை வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. குடிநீருக்குக் கொதிக்கவைப்பதே நல்ல வழி. காஸ் இல்லாவிட்டால் துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 5 சதவீத ஜாவெல் 2 துளி, கடைகளில் கிடைக்கும் 2.6 சதவீத வகையானால் 4 துளி விட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். எலுமிச்சை வாசனை, லாவெண்டர் வாசனை என்று விற்பதைக் குடிநீரில் விடவே கூடாது.

தட்டைக் கூரையில் இலை அடைத்த ஒரே ஒரு வடிகால் துளை போதும், மாடி குளமாகிவிடும். கான்கிரீட்டில் உள்ள மயிரிழை வெடிப்பு வழியாக அந்த நீர் படுக்கையறைக்குள் இறங்கும். 1-ஆம் வகுப்பில் மாடிக்குப் போய்த் துளைகளைக் கையால் துழாவிச் சுத்தம் செய்யுங்கள். துணி காயவைக்கும் கொடிக்கம்பு, பூந்தொட்டி, டிஷ் ஆன்டெனா, உடைந்த நாற்காலி எல்லாம் உள்ளே வர வேண்டும். அலுமினியத் தள்ளு சன்னல்களின் கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கம் சிறு வடிதுளைகள் இருக்கும். அவை அழுக்கால் அடைபட்டிருந்தால் மழைநீர் வெளியேறாமல் வீட்டுக்குள் வழியும். பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பத்து நிமிட வேலை. கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுவது கண்ணாடியைப் பலப்படுத்தாது. துண்டுகள் சிதறுவதைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவே. சன்னலுக்கு வெளிக்கதவு இருந்தால் மூடுங்கள். இல்லாவிட்டால் 12 முதல் 15 மி.மீ. ஒட்டுப்பலகையை முன்கூட்டியே அளவெடுத்து, துளை போட்டு, எண் எழுதி வைத்திருக்க வேண்டும். எச்சரிக்கை வந்தபின் மரக்கடையில் பலகை இருக்காது. காற்றழுத்தத்தைச் சமப்படுத்த ஒரு சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வீடே தகரக் கூரை என்றால் இந்தப் பத்தி எதுவும் பொருந்தாது. தங்குமிடத்துக்குப் போவதுதான் வழி. சமூக நல மையங்களின் பட்டியலை ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வெளியிடுகிறார்கள். தொழிற்சாலை விடுதியில் இருக்கும் தம்பிகள், தங்கள் கட்டடத்துக்கு எது தங்குமிடம் என்று நிர்வாகத்திடம் நவம்பரிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாளுக்குக் கணக்குப் போடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், அதாவது நாலு பேருக்கு 48 லிட்டர். இட்லி மாவு அரைத்து வைக்காதீர்கள். குளிர்பெட்டி நின்றால் இந்த வெக்கையில் அரை நாளில் பொங்கி வழியும். அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், டப்பா மீன் போதும். 'பிஸ்குவி கபின்' என்று ஒரு கெட்டி பிஸ்கட் எந்தக் கடையிலும் கிடைக்கும்; ரொட்டிக்கடை வரிசை தெருமுனை வரை நீளும்போது அதன் அருமை தெரியும். 12 கிலோ காஸ் உருளை பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். பணம் ரொக்கமாக இருக்கட்டும்: மின்சாரமும் இணையமும் இல்லாத நேரத்தில் தெருமுனைக் கடையில் போன் வழியாகப் பணம் செலுத்த முடியாது.

குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஆகவே காலி இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை வைத்து உறையவிடுங்கள்.

காற்று நடுவில் நின்றால்

4-ஆம் வகுப்பில் காற்று திடீரென்று நின்று, வானம் வெளுத்தால் அது புயலின் கண் உங்கள் மேல் நிற்கிறது என்று பொருள். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோது அங்கே இருந்தவர்களுக்கு அந்த அமைதி தெரிந்திருக்கும். சில நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அடுத்து வரும் காற்று எதிர்த்திசையிலிருந்து, ஏற்கெனவே தளர்ந்த கதவு, மரம், கம்பி எல்லாவற்றின் மேலும் மோதும். வெளியே போகாதீர்கள். அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இதுவரை மறைவாக இருந்த பக்கத்து அறையிலிருந்து எல்லோரையும் மறுபக்கத்துக்கு மாற்றுவது.

ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள் பயன்படுத்தக் கூடாது. கதவெல்லாம் அடைத்த வீட்டில் அந்தப் புகை காற்றைவிடச் சீக்கிரம் கொல்லும். அழைப்புகளைக் குறைத்துக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான். ஊருக்கும் இங்கேக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். "இந்திய நேரம் இரவு எட்டுக்கு மேல போன் வேலை செய்யாம போகலாம், காலையில நானே கூப்பிடுறேன்" என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டால் அங்கே யாரும் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

காவல் துறை 999 அல்லது 112, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115, மின்சார வாரியம் 130, குடிநீர் வாரியம் 170. போனில் மட்டுமன்றிக் காகிதத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

எச்சரிக்கை நீங்கிய பிறகு

வகுப்பு நீக்கப்பட்டது என்றால் 120 கி.மீ. காற்றின் அபாயம் போயிற்று, அவ்வளவே. அறுந்த கம்பி, சாய்ந்த மரம், நிறைந்த ஓடை அப்படியே இருக்கும். தெருவில் கிடக்கும் எந்தக் கம்பியிலும் மின்சாரம் ஓடுவதாகவே நினையுங்கள். தொலைபேசிக் கம்பி போலத் தெரிந்தாலும்.

மின்சாரம் வந்தும் உங்கள் வீட்டில் மட்டும் சுவிட்சு விழுந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியனைத் தேடி அலையும் முன் இதைச் செய்து பாருங்கள். பெட்டியில் உள்ள சிறு சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே தள்ளி, மின்கசிவு வந்தால் விழும் பெரிய சுவிட்சை மேலே ஏற்றி, பிறகு சிறியவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த இணைப்பில் ஈரம் இருக்கிறது. பெரும்பாலும் வாசல் கேட் மோட்டார், வெளி விளக்கு, தண்ணீர் மோட்டார் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதை மட்டும் அணைத்து வைத்துக் காயவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். வெள்ளம் பிளக் மட்டத்துக்கு ஏறியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். அப்போது தகுதியான ஆள்தான் தொட வேண்டும்.

தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருகாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் போயிருந்தால், ஒரே சுற்றில் உள் தண்டு வளைந்துவிடும். உலர்த்திச் சரிசெய்திருக்கக்கூடிய வண்டி பழைய இரும்பாகிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டி வரவழையுங்கள். காப்பீட்டில் 'மூன்றாம் தரப்பு' மட்டும் எடுத்திருந்தால் இந்தச் சேதத்துக்குக் காசு வராது. முழுக் காப்பீட்டிலும் புயலும் வெள்ளமும் தனிச் சேர்க்கையாக இருப்பதுண்டு. அந்தப் பக்கத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். புயல் உருவான பிறகு சேர்த்துக்கொள்ளப் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரரின் காப்பீடு சுவருக்கும் கூரைக்கும்தான். உங்கள் டிவி, சோபா, மடிக்கணினி அதில் சேராது. 1-ஆம் வகுப்பு நாளில் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து வைத்தால், பின்னால் காப்பீட்டுக்காரரிடமும், முன்பணத்தைப் பிடிக்கப் பார்க்கும் சொந்தக்காரரிடமும் பேச்சு சுருக்கமாக முடியும்.

சேற்றுத் தண்ணீரில் வெறுங்காலில் நடக்காதீர்கள், அதுவும் காலில் வெட்டு இருந்தால். எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தீவுகளில் உள்ள நோய். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரணக் காய்ச்சல் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. 2024-இல் இங்கே டெங்கு பரவியது, 2025-இல் ரியூனியனில் சிக்குன்குனியா பெரிதாக வெடித்து மொரீஷியஸுக்கும் வந்தது. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே புயலுக்கு அடுத்த வாரத்துக்குள் பூந்தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, மாடியில் தேங்கிய நீர், கட்டி வைத்த பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். தொட்டி மூடி காற்றில் விலகியிருக்கிறதா என்றும் அன்றே ஏறிப் பாருங்கள்.